வகுப்பறையில் வீடியோ வரட்டும், வாத்தியாரும் இருக்கட்டும்
(தொழிலாளர் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)

பத்தாம் வகுப்பு விஞ்ஞானப் புத்தகத்தில் இருதயம் அசையாத படம். வீடியோவிலோ வால்வு திறந்து மூடுகிறது. ரத்தம் நுரையீரலுக்குப் போய்த் திரும்புகிறது. வாத்தியார் நடுவிலே நிறுத்தி, "இனி ரத்தம் எங்கே போகும்?" என்று கேட்கிறார். பையன் தப்பாகச் சொல்கிறான், மறுபடி பார்க்கிறான். அங்கேதான் பாடம் ஏறுகிறது.

2019 ஆகஸ்டில் தமிழக சர்க்கார் கல்வித் தொலைக்காட்சியைத் துவக்கியது. நல்ல காரியம்தான். 2020-ல் பள்ளிகள் மூடியபோது அதுவே வகுப்பறையாயிற்று. பெட்டியை நிறுத்திச் சந்தேகம் கேட்க முடியுமா? செல்போனில் பாடம் என்றார்கள். பல வீடுகளில் இருந்த ஒரே போன் தகப்பனோடு வேலைக்குப் போய்விட்டது. (வேலை இருந்தவன் வீட்டுக் கதை இது!) கடைசியில் 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' என்று தன்னார்வலர்களைத் தெருவுக்கு அனுப்ப வேண்டி வந்தது.

ஆலையில் தானியங்கித் தறியும் வயலில் அறுவடை யந்திரமும் வந்தபோது நடந்ததை நீங்கள் அறிவீர்கள். யந்திரத்தோடு நமக்குப் பகையில்லை. அதைக் காட்டி ஆள் குறைப்பதோடுதான் பகை. பள்ளியிலும் அப்படியே. திரையும் இணைப்பும் கேட்போம். காலியான ஆசிரியர் இடங்களை நிரப்பு என்றும் அதே மனுவில் எழுதுவோம். பள்ளி மேலாண்மைக் குழுவிலே பெற்றோருக்கு இடமுண்டு. அரை நாள் கூலி போனாலும் அந்தக் கூட்டத்துக்குப் போங்கள், தோழர்களே!