வேன் வராத வீடு

நடுவர் அவர்களே! கிராமத்துக் குழந்தைக்கு ஏற்றது பால்வாடியா, நர்சரிப் பள்ளியா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பால்வாடிக் கட்சி.

எதிரணி அம்மா என்ன சொன்னாங்க? 'அங்கே சோறு போடுவாங்க, தூங்க வைப்பாங்க, வேற என்ன இருக்கு?'ன்னாங்க. அம்மா, மூணு வயசுப் பிள்ளைக்கு வேற என்ன வேணும்? (சிரிப்பு)

எங்க அக்கா பேரன் டவுன் நர்சரிக்குப் போறான். காலையில ஏழரைக்கு வேன். கழுத்துல டை நிக்குது, தலைதான் நிக்கல. (சிரிப்பு) வேப்பமரத்தைக் காட்டி 'இது என்னடா?'ன்னேன். 'ட்ரீ'ன்னான். புளியமரம்? 'ட்ரீ.' பூவரசு? அதுவும் 'ட்ரீ'தான்! (கைதட்டல்)

1975 அக்டோபர் 2-ல் நாடு முழுக்க 33 வட்டாரங்களில் தொடங்கிய திட்டம்தான் இந்த அங்கன்வாடி. நம்ம கிராமத்துப் பால்வாடிப் பிள்ளைகளுக்கு 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவு கொடுத்தார். பிள்ளையை எடை போட்டு, 'இளைச்சிருக்கும்மா'ன்னு தாய்க்குச் சொல்ற இடம் அது. எந்த நர்சரியில தராசு இருக்கு?

குறையும் இருக்கு, ஒத்துக்கறேன். ஒரு ஆசிரியை, ஒரு உதவியாளர். எடை போடணும், பதிவேடு எழுதணும், வீடு வீடாப் போகணும். எழுத்து எப்போ சொல்லித் தர்றது? அதனாலதான் 2019 ஜனவரியில் 2,381 அங்கன்வாடிகளில் அரசே எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கியது. ஆனால் அது நடுநிலைப் பள்ளி வளாகத்தில் உள்ள மையங்களுக்கு. எங்க ஊர்ல இருக்கிறது தொடக்கப் பள்ளி!

மணி அடிச்சிட்டீங்க. ஒண்ணு மட்டும் சொல்லி உட்கார்ந்துடறேன். நான் பிறந்தப்போ எங்க ஊர்ல பால்வாடி இல்லை. அம்மா களை எடுக்கப் போகணும். மூணாம் வகுப்பு படிச்ச அக்காவை நிறுத்தி, என்னை அவ இடுப்புல வச்சிட்டாங்க. அந்த இடுப்புல உட்கார்ந்து வாங்கினதுங்க இந்த முனைவர் பட்டம். (கைதட்டல்)

போன மாசம் அக்காகிட்ட, 'பேரனை ஏன் வேன்ல அனுப்பறே?'ன்னேன். 'நான்தான் படிக்கலை, அவனாவது இங்கிலீஷ் படிக்கட்டும்டா'ன்னா. அவளுக்குப் பதில் சொல்ல எனக்கு வாய் வரலை. ஆனா, நடுவர் அவர்களே, அந்தப் பால்வாடியில இன்னும் ஒன்பது பிள்ளைங்க இருக்கு. ஒன்பதுக்கும் அம்மா களை எடுக்கத்தான் போயிருக்காங்க. மூடிட்டா, எந்த அக்காவை நிறுத்துவாங்க?