அச்சகம் போகாத கதைப் புத்தகம்



பிள்ளையாரை வணங்காமல் திரிபுரம் எரிக்கப் புறப்பட்டதால் சிவபெருமானின் தேர் அச்சு முறிந்த இடம் நம்ம அச்சரப்பாக்கம் என்பது தலபுராணம். கதை எழுதுபவனுக்கு வாசகர்தான் பிள்ளையார். அவரை மறந்தால் தேர் நகராது!

2016 டிசம்பரில் அமேசானின் கிண்டில் கடைக்குத் தமிழ் நூல்கள் வந்தன. இன்று நம் கதையை நாமே அங்கு ஏற்றலாம்; முதல் போட வேண்டாம். விற்ற விலையில் 35 சதவீதம் நமக்கு. 'செலக்ட்' திட்டத்தில் சேர்ந்து, விலையையும் வரம்புக்குள் வைத்தால் 70 சதவீதம். ஆனால் 90 நாள் அந்த மின்னூலை வேறெங்கும் தரக்கூடாது. அதில் 5 நாள் இலவசமாகக் கொடுக்கலாம்.

ஏற்றுவது சுலபம், விற்பதுதான் பாடு. அட்டை கைபேசியில் தபால்தலை அளவே தெரியும்; தலைப்பு பளிச்சென்று இருக்கட்டும். முதல் பக்கங்களை யாரும் இலவசமாகப் புரட்டலாம். வாசகரை அங்கேயே பிடிக்கணும். நெருங்கிய நண்பர்களை விட்டுப் பாராட்டு எழுத வைக்காதீங்க, அமேசான் விதி அதை ஏற்காது.

1959-இல் 'எழுத்து' இதழைத் தொடங்கிய சி.சு.செல்லப்பா, தன் வெளியீடுகளைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். 'சுதந்திர தாகம்' நாவலையும் சொந்தமாகவே வெளியிட்டார். அவர் 1998-இல் மறைந்தார். அந்நாவலுக்கு 2001-இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது.

இணையம் மூட்டையின் பாரத்தைத்தான் குறைத்திருக்கிறது. வாசகரைத் தேடிப்போகும் நடை நம்முடையதே. நோட்டுப் புத்தகத்தில் கதையைப் பூட்டி வைத்திருக்கும் தம்பி தங்கைகளே, புறப்படுங்கள்!