குளிரும் உடலின் எரிபொருளும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரை)

 

கடமலைக்குண்டில் நின்றுகொண்டு குளிரைப் பற்றிப் பேசுவதைக் கேட்டு, வெயிலில் வாடும் நம் மக்களுக்கு நகைப்புத் தோன்றலாம். ஆயினும் மலையேறிப் பிழைத்த உறவினர் ஒருவரேனும் இல்லாத குடும்பம் நம்மிடையே அரிது. மேகமலைத் தோட்டங்கள் ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில் உள்ளன. போடிமெட்டு வழியாகச் சென்றால் மூணாறு. அங்கே மார்கழி, தை மாதங்களின் விடியற்காலையில் புல்லின்மேல் உறைபனி படிவதுண்டு. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் ஆறரைப் பாகை குறையும். இத்தகைய மலைகளில் காடு திருத்தித் தேயிலை நட்டவர்களிலும் கொழுந்து பறித்தவர்களிலும் ஒடுக்கப்பட்ட நம் மக்கள் மிகப் பலர். அவர்களைக் குறித்து மேலிருந்தோர் எளிதாகச் சொல்லிவந்த சொல் ஒன்று உண்டு: "அவர்களுக்குக் குளிர் பழகிவிட்டது." இச்சொல் அறிவியலின் முன் நிற்குமா என்பதையே இன்று ஆராய விரும்புகிறேன்.

நாம் உண்ணும் உணவு உடலுக்குள் மெல்ல எரிகிறது. அதனை வளர்சிதை மாற்றம் என்கிறோம். ஒருவர் அசையாமல் படுத்திருந்தாலும் இதயம் துடிக்கவும், மூச்சு இயங்கவும், உடல் 37 பாகைச் சூட்டில் நிற்கவும் எரிபொருள் செலவாகிறது. கிலோ எடை ஒன்றுக்கு மணிக்கு ஒரு கலோரி என்பது தோராயக் கணக்கு. ஐம்பது கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1200 கலோரி. அதாவது சுமார் 350 கிராம் அரிசி. மண்வெட்டியைத் தொடுமுன்பே இவ்வளவு செலவாகிவிடுகிறது. குளிர் தாக்கும்போது செலவு மேலும் ஏறும். பற்கள் கிட்டி உடல் நடுங்குகிறதே, அது தசைகள் சூட்டிற்காகவே இயங்குவது. கடும் நடுக்கத்தில் உடல் தன் ஓய்வுநிலையைவிட நான்கைந்து மடங்கு சூட்டை உண்டாக்கக்கூடும். நடுக்கமின்றிச் சூடு தரும் பழுப்புக் கொழுப்பு என்பதும் உண்டு. அது கைக்குழந்தைகளிடம் மிகுதி. வளர்ந்தோரிடமும் இயங்குவது 2009ஆம் ஆண்டில் உறுதியாயிற்று.

இனி, உண்மையாகவே குளிரில் பிறந்து குளிரில் வாழ்ந்த தொல்குடிகளைக் காண்போம். கிரீன்லாந்தின் இனுயிட் மக்களை முன்னர் எஸ்கிமோ என்று அழைத்தார்கள். டென்மார்க்கைச் சேர்ந்த ஆகஸ்ட் குரோ என்ற அறிஞரும் அவர் மனைவி மருத்துவர் மேரி குரோவும் 1908இல் அங்குச் சென்று, காற்றுப் புகாத சிற்றறையில் அம்மக்களை இருத்தி, அவர்கள் விடும் மூச்சை அளந்தார்கள். கடல்நாயின் இறைச்சியும் கொழுப்புமே அம்மக்களின் உணவு. நெல்லும் கேழ்வரகும் விளையாத நாட்டில் ஒரு கிராமுக்கு ஒன்பது கலோரி தரும் கொழுப்பே அவர்களின் விறகு. புரதத்திற்கும் ஒரு தன்மை உண்டு. அது செரிக்கும்போதே தன் ஆற்றலில் நான்கில் ஒரு பங்கு அளவைச் சூடாக வெளிவிடும்.

வடதுருவ மக்களின் அடிப்படை வளர்சிதை மாற்றம் உயர்ந்திருப்பதாகப் பலர் அளந்து சொன்னார்கள். 1952இல் கோரே ரோடால் என்ற நார்வே மருத்துவர் அதனை மறுத்தார். இறைச்சியுணவும், கருவியைக் கண்ட அச்சமுமே அளவை உயர்த்திக் காட்டின என்றார். அவர் எழுப்பிய ஐயம் நல்ல ஐயம். பின்னர் வில்லியம் லெனார்டு முதலியோர் சைபீரியாவில் பனிமான் மேய்க்கும் எவெங்கி மக்களையும் பிறரையும் அளந்தார்கள். உணவின் விளைவையும் உடலமைப்பையும் கணக்கில் கொண்ட பின்னரும் உயர்வு நின்றது; அங்கே குடியேறி வாழும் ரஷ்யரைவிடத் தொல்குடியினரின் வீதம் மிகுந்திருந்தது. தைராய்டுச் சுரப்பிக்கு இதில் பங்குண்டு என்று கருதுகிறார்கள். நாம் கவனிக்க வேண்டியது இதுதான்: குளிருக்கு மிக நன்றாகப் பழகிய அம்மக்களின் உடல் குறைவாகச் செலவழிக்கவில்லை, மிகுதியாகவே செலவழிக்கிறது. ஆகவே மிகுதியாக உண்ணவும் வேண்டும்.

மாறான சான்று ஒன்றும் உண்டு. அதை மறைப்பது முறையன்று. நடு ஆஸ்திரேலியப் பாலையின் தொல்குடியினர் உறைநிலையை நெருங்கும் இரவில் ஆடையின்றி இரு சிறு நெருப்புகளுக்கிடையே உறங்கினார்கள். ஷோலண்டர் குழுவினர் 1958இல் வெளியிட்ட ஆய்வின்படி அவர்களின் எரிபொருட் செலவு ஏறவில்லை. தோலும் உடலும் சற்றே குளிர்ந்தன. அவ்வாறே படுத்த வெள்ளையர் இரவெல்லாம் நடுங்கினார்கள். இதனைப் படித்த ஒருவர், "பார்த்தீர்களா, போர்வையின்றியும் வாழ முடிகிறதே!" என்று கூறக்கூடும். ஆனால் நெருப்பு இருந்ததை அவர் மறந்துவிடுகிறார். அன்றியும் அது நள்ளிரவில் அசையாது உறங்கும் மனிதனின் கணக்கு. நனைந்த சேலையோடு நாள் முழுதும் கொழுந்து பறிப்பவளின் கணக்கன்று.

இந்தக் கணக்கு நம் நாட்டிலும் ஏழைகளின்மேல் பாய்ந்தது. சென்னைப் பெண்கள் கிறித்துவக் கல்லூரியின் எலினார் மேசன், அமெரிக்க அறிஞர் பெனடிக்டுடன் சேர்ந்து 1931இல் தென்னிந்தியப் பெண்களின் வளர்சிதை மாற்ற அளவை வெளியிட்டார். அது அமெரிக்கப் பெண்களின் அளவைவிடக் குறைந்திருந்தது. வெப்ப நாட்டின் விளைவா, இனத்தின் இயல்பா, உணவுக் குறைவா என்ற வினா நெடுங்காலம் நீடித்தது. 1979இல் திட்டக்குழுவின் பணிக்குழு நாட்டுப்புறத்தாருக்கு நாளொன்றுக்கு 2400 கலோரி, நகரத்தாருக்கு 2100 கலோரி என்று வரையறுத்து, அதனை வறுமைக் கோட்டிற்கு அடிப்படையாக்கிற்று. புள்ளியியல் அறிஞர் சுகாத்மே, குறைந்த உணவிற்கு ஏற்ப உடல் தன் செலவைச் சரிசெய்துகொள்ளும் என்று வாதிட்டார். செக்லர் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1982இல் ஒருபடி மேலே சென்று, குட்டையாயிருப்பினும் ஏழைகள் நலமாகவே இருக்கலாம் என்றார். சேலத்தில் பிறந்த ஊட்டச்சத்து அறிஞர் சி. கோபாலன் இதனைக் கடுமையாக எதிர்த்தார். வளராமற் போன உடலை நலமான உடல் என்று பெயரிட்டால் பசியே கணக்கிலிருந்து மறைந்துவிடும் அல்லவா?

அளவைகளும் அவர் பக்கமே நின்றன. இந்தியரையும் ஆஸ்திரேலியரையும் ஒப்பிட்டு 1998இல் வெளிவந்த ஆய்வு, கொழுப்பு நீங்கலான உடல் எடையைக் கருதிப் பார்த்தால் இனத்தால் வேற்றுமை இல்லை என்று காட்டிற்று. எரிக்கும் தசை குறைந்திருப்பதால்தான் மெலிந்த கூலியாளின் மொத்தச் செலவு குறைகிறது. அதைச் சிக்கனம் என்று போற்றுவது, விறகில்லாத வீட்டில் அடுப்புப் புகையவில்லை என்று பாராட்டுவது போன்றது. மெலிந்த உடலில் குளிரைத் தடுக்கும் கொழுப்பும் குறைவு, நடுங்கிச் சூடேற்றும் தசையும் குறைவு. ஆகவே குளிரில் அவருக்கே இடர் மிகுதி.

இப்போது மலைக்குத் திரும்புவோம். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் தன் 17ஆம் பிரிவில், மழையினின்றும் குளிரினின்றும் காக்கக் குடை, போர்வை, மழையங்கி முதலியவற்றைத் தோட்ட உரிமையாளர் வழங்க வேண்டுமென மாநில அரசுகள் விதி செய்யலாம் என்றது. "செய்யலாம்" என்ற சொல்லை இளைஞர்கள் கவனிக்க வேண்டும். கம்பளி என்பது இரக்கத்தால் தருவது என்றே நெடுநாள் எண்ணப்பட்டது. உண்மையில் கம்பளி செலவாகாத உணவு. நனைந்த துணி உடற்சூட்டை விரைந்து உறிஞ்சும். தண்ணீர் காற்றைவிட இருபத்தைந்து மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்துகிறது. எனவே மழையங்கி தராதவர், அதற்கீடான சோற்றைத் தொழிலாளியின் தட்டிலிருந்து எடுத்துக்கொள்கிறார். வருசநாட்டுப் பகுதியில் நம் கைகள் பிரித்தெடுக்கும் இலவம்பஞ்சு, இழைகளுக்குள் காற்றை அடைத்துச் சூட்டைக் காக்கும் பொருள். அது ஊரார் மெத்தைக்குப் போகிறது. எடுத்தவர் வீட்டில் பாயும் பழஞ்சேலையும்.

மலை வேலைக்குச் செல்லும் இளைஞர்களுக்கும் தாய்மார்களுக்கும் ஒரு சொல். காலையில் பாலில்லாத தேநீர் மட்டும் குடித்துவிட்டு ஏறாதீர்கள். அதன் சூடு சிறிது நேரத்தில் போய்விடும். அதில் எரிபொருள் என்று சர்க்கரையைத் தவிர வேறில்லை. நூறு கிராம் நிலக்கடலையில் ஏறத்தாழ 560 கலோரி உண்டு, புரதமும் உண்டு. கேழ்வரகுக் களியோடு அதனைச் சேர்த்துண்பவர் நண்பகல் வரை தாங்குவார். குழந்தைகளின் உடற்பரப்பு எடையை நோக்க மிகுதியாதலால் அவர்கள் விரைவில் குளிர்ந்துபோவார்கள். லயத்தில் விட்டுச் செல்லும் பிள்ளைக்கு உலர்ந்த மாற்றுத்துணி ஒன்று கட்டாயம் இருக்கட்டும். தோட்டத்தில் கம்பளியும் மழையங்கியும் கேட்கும்போது, தயவு கேட்பதுபோல் கேட்க வேண்டாம். இங்குக் கூறிய கணக்கைச் சொல்லிக் கேளுங்கள்.