அண்ணாவிக்குச் சாமி வரக்கூடாது



“எழுத உட்கார்ந்தால் எனக்கு அருள் வந்துவிடும்” என்று நம் எழுத்தாளர்கள் சிலர் பேட்டி கொடுக்கிறார்கள். வேறெங்காவது போய்ச் சொல்லட்டும். ஆண்டு தவறாமல் கொடை பார்க்கிற தாமிரபரணிக் கரைச் சனத்திடம் அருளைப் பற்றிக் கதைவிட முடியாது.

சுடலைமாடன் கோயில் சாமக்கொடையை நினைத்துப் பாருங்கள். பந்தலில் வில்லுப்பாட்டு. எதிரே மாலையும் சந்தனமுமாகச் சாமியாடும் கோமரத்தாடி. பாட்டை நடத்தும் அண்ணாவி அவசரப்படுவதில்லை. காப்பு, குருவடி, அவையடக்கம், நாட்டுவளம் என்று முறைப்படிதான் வருகிறார். விளக்குச் சுடரில் சாமி பிறக்கும் கட்டம் நெருங்க நெருங்க வசனம் குறைகிறது, பாட்டு ஏறுகிறது. உடுக்கை முடுக்குகிறது. குடத்தில் விழும் அடி நெருக்கமாகிறது. கோமரத்தாடியின் கெண்டைக்கால் சதை மெல்லத் துடிக்கிறது. பெண்கள் குலவையிட்டதுதான் தாமதம், ஆள் துள்ளிவிடுகிறார். சல்லடம் குலுங்க, வல்லயமும் பந்தமுமாகச் சுடுகாட்டைப் பார்த்து ஓட்டம்.

எல்லோரும் அவரைப் பார்க்கும்போது நான் அண்ணாவியைப் பார்ப்பேன். அவர் கண் சாமியாடியை விட்டு அகலாது. ஆட்டம் தளர்ந்தால் வீசுகோல் வேகம் பிடிக்கும். கை மீறிப் போனால் வசனத்துக்கு இறங்கிவிடுவார். கொலையுண்டு தெய்வமானவர்களின் கதைகளில், அந்தச் சாவைப் பாடும் இடத்தில்தான் ஆட்டம் உச்சத்துக்குப் போகிறது என்று ஆய்வாளர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1988இல் ஒரு புத்தகமே எழுதினார். நம் அண்ணாவிகளுக்கு அது தொழில் பாடம். சாமியை வரவழைக்கிற அந்த மனிதருக்கே சாமி வந்துவிட்டால் என்ன ஆகும்? பாட்டு நிற்கும். கொடை கெடும்.

கொடையில் ஆட ஒருவர், ஆட்டுவிக்க ஒருவர். எழுதுகிறவனுக்கு அந்த வசதி கிடையாது. ஒரே உடம்புக்குள் இரண்டு பேரையும் வைத்துச் சமாளிக்க வேண்டும். ‘குப்ளா கான்’ கனவில் வந்த கவிதை என்று 1816இல் ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜ் அச்சிட்டார். அவர் கையெழுத்துப் படிக்கும் அச்சுக்கும் சொல் மாறியிருக்கிறது. கனவு கண்டவர் திருத்தவும் செய்திருக்கிறார், பாவம்!

நம் கொற்கைக்கு வருகிறேன். சிலப்பதிகார வேட்டுவ வரியில் சாலினி மேல் கொற்றவை ஏறிக் கண்ணகியைப் போற்றுகிறாள். கண்ணகி என்ன செய்கிறாள்? இந்த மூதாட்டி ஏதோ மயக்கத்தில் சொல்கிறாள் என்று கணவன் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கி வெட்கத்தோடு சிரிக்கிறாள். அருள்வாக்கை ஒருத்தி வாயில் வைத்து, அதை நம்பாத சிரிப்பை இன்னொருத்தி வாயில் வைக்கிறார் இளங்கோ. அண்ணாவியின் கண் அது. அப்படிச் சிரித்த பெண்ணுக்குத்தான் இதே கொற்கையில் இருந்த வெற்றிவேற்செழியன் களவேள்வி செய்ததாகக் காப்பியம் சொல்கிறது. ஆயிரம் பொற்கொல்லர்களைப் பலிகொடுத்த வேள்வி. அதை அருள் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

வேலன் வெறியாட்டைப் பாடியதாலேயே சங்கப் புலவர் ஒருவருக்கு ‘வெறிபாடிய’ காமக்கண்ணியார் என்று பெயர் நிலைத்தது. கவனியுங்கள்: வெறி ஆடியவர் அல்லர், பாடியவர்.

கடைசியாக, நம் மாவட்டத்து எட்டயபுரத்துக்காரர். குயில்பாட்டு முழுக்க மாலை மயக்கத்தில் கண்ட கனவு. மயக்கம் தெளிந்து பார்த்தால் பாரதியைச் சுற்றிக் கிடப்பவை பழைய சுவடி, எழுதுகோல், பத்திரிகைகள், ஒரு பழம்பாய். அதாவது பட்டறை! அத்தோடு விட்டாரா? இந்தக் கனவுக்கு வேதாந்தமாகப் பொருள் சொல்ல இடமுண்டா என்று தமிழ்ப் புலவர்களை வம்புக்கு இழுத்துவிட்டுத்தான் முடிக்கிறார். முன்வரிசையில் புலவர் பெருமக்கள் சிலர் அமர்ந்திருக்கிறீர்கள். எனக்குப் பிறகு பேச வருகிறவர், அந்தக் கேள்விக்கு ஒரு பதிலோடு ஒலிபெருக்கி முன்னால் வாருங்கள்.