பீலித் தண்ணீரும் ஓடைக்கரையும்



கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலியா ஓயாவும் கூடியே களனி கங்கையாகின்றன. கொழும்பு நகரம் குடிப்பது நம் மலைத் தண்ணீரைத்தான். ஆனால் அதை முதலில் அருந்துவோர் லயத்துப் பீலியடியில் நிற்கும் நாமல்லவா?

அப்படியிருக்க, ஓடையோரக் காடு வெட்டப்படுகிறது. சதுப்பு நிலத்தில் கான் வெட்டி நீரை வடித்து மரக்கறி நடப்படுகிறது. வேரும் புல்லும் நிறைந்த கரை, மழையில் கரைந்துவரும் மண்ணையும் உரத்தையும் பெருமளவு தடுத்துக்கொள்ளும். சதுப்போ மாரி நீரை உறிஞ்சி வைத்து, வெயில் காலத்தில் மெல்ல மெல்ல விடும். இரண்டும் போனால் பீலியில் வருவது என்ன?

தேயிலை மலைகளுக்கிடையே சிறுத்தையும் மீன்பிடிப் பூனையும் மறைந்து நடமாடுவதும் இந்தக் கரைக்காட்டில்தான். 2020 மே மாதம் நல்லதண்ணி, லக்ஷபான தோட்டத்தில் அபூர்வமான கருஞ்சிறுத்தையொன்று கம்பிச் சுருக்கில் அகப்பட்டு, சிகிச்சையளித்தும் சில நாட்களில் மாண்டது. மரக்கறிப் பாத்தியை உழுதுபோடும் காட்டுப்பன்றி ஏழைக்குப் பெருந்தொல்லை என்பதை நாம் மறுக்கவில்லை. எனினும் இது பன்றி, இது சிறுத்தை என்று கம்பிக்குத் தெரியுமா?

நமது அடுத்த சிரமதானத்தைக் கோயில் வாசலோடு நிறுத்தாமல், வனசீவராசி அதிகாரிகளையும் அழைத்து, ஓடையோரக் கம்பிகளை அகற்றவும் வைத்துக்கொள்வோம். கரையை வெட்டாது விடும்படி தோட்டத்துத் துரைமாரிடம் பேசும் பொறுப்பைப் பெரியோர்கள் ஏற்கவேண்டும்.