தேனீக்களின் மெர்ஜ் கான்ஃப்ளிக்ட்

இன்னிக்குத் தேனடையைப் பத்திப் பேசலாம். அறுங்கோணம்னா கொஞ்சம் மெழுகுல நிறைய இடம்னு எல்லாரும் கேள்விப்பட்டிருப்போம். ஒரு தளத்தைச் சம பரப்புள்ள கட்டங்களாப் பிரிச்சா, அறுங்கோணத்துக்குத்தான் மொத்தச் சுவர் நீளம் குறைவுன்னு 1999-இல் தாமஸ் ஹேல்ஸ் நிரூபித்தார். ஆனா அது பாதிக் கதைதான்.

ஐரோப்பியத் தேனீக்களை எடுத்துக்குவோம். கூரையில பல இடங்கள்ல ஒரே நேரத்துல அடை கட்ட ஆரம்பிக்கும். வரைபடம் கிடையாது, மேஸ்திரி கிடையாது, வெளிச்சமும் கிடையாது. எது கீழ்ப்பக்கம்னு கழுத்துல இருக்கிற நுண்முடிகள் சொல்லிடும். அதனால அடை நேராத் தொங்குது. ஒவ்வொரு அறையோட வாயும் சுமார் 10 டிகிரி மேல்நோக்கிச் சாய்ஞ்சிருக்கும்.

இப்போ சிக்கல். தனித்தனியா வளர்ந்த அடைகள் நடுவுல சந்திக்கும்போது வரிசைகள் பொருந்தாது. ஒண்ணோட அறுங்கோணம் கொஞ்சம் திரும்பியிருக்கும். அளவும் வேற: பணித்தேனீ அறை 5 மில்லிமீட்டருக்குச் சற்று மேல், ஆண் தேனீ அறை 6-ஐத் தாண்டும். ரெண்டையும் சரியான அறுங்கோணங்களால மட்டும் இணைக்கவே முடியாது. நம்ம பாஷையில இது மெர்ஜ் கான்ஃப்ளிக்ட்.

மைக்கேல் ஸ்மித், நில்ஸ் நாப், கிர்ஸ்டின் பீட்டர்சன் மூணு பேரும் 2021-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் பார்த்தது. தேனீக்கள் இயல்பாக் கட்டின அடைகளைப் படமெடுத்து, அறைகளை சாஃப்ட்வேர் மூலம் அளந்தாங்க. சந்திப்பு வர்றதுக்கு முன்னாடியே தேனீக்கள் தயாராகுது. நடுத்தர அளவுல சில அறைகள் கட்டுது. அறைகளோட திசையைக் கொஞ்சம் கொஞ்சமாத் திருப்புது. அப்படியும் பொருந்தலைன்னா ஐங்கோணமும் எழுகோணமும் பக்கத்துல பக்கத்துல வரும்.

கிராஃபீன்ல ரெண்டு படிகத் துண்டுகள் சேர்ற இடத்திலும் இதே ஐந்து-ஏழு ஜோடி உண்டு. ஆனா அணுக்கள் முன்கூட்டி யோசிக்கிறதில்லை. தேனீயோ தன் பக்கத்துல இருக்கிறதை மட்டும் தொட்டுப் பார்த்து முடிவெடுக்குது. முழு அடையையும் ஒரே நேரத்துல கணக்குல எடுக்கிற கணித மாதிரிக்கு இணையாவே அந்த இணைப்பு அமையுது. கூட்டமா வேலை செய்யும் ரோபோ வடிவமைக்கிறவங்களுக்கு இது பெரிய பாடம்.

தேனீப் பெட்டியில அறுங்கோணம் அச்சடிச்ச மெழுகுத் தாளை வெச்சா, இதுல பல முடிவுகளை நாமளே எடுத்துக் கொடுத்துடறோம். தாள் இல்லாம கட்டின அடை கிடைச்சா, கோணலான அறைகளைத் தேடிப் பாருங்க. தேனீயோட மூளை அதிகம் உழைச்ச இடம் அதுதான்.