பதினைந்து ஆண்டுகளுக்கு ஒரு கல்வித் திட்டம்

வலிகாமப் பாடசாலைகளின் எதிர்காலம் குறித்துப் பெற்றோரும் உபாத்தியாயர்களும் கமக்காரரும் கூடிய கூட்டத்தில் சட்டத்தரணி ஒருவர் நிகழ்த்திய உரை



வலிகாமத்துப் பாடசாலைகளின் எதிர்காலம் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். கல்வியின் பெருமையை உங்களுக்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. காணியை ஈடுவைத்துப் பிள்ளையைப் படிப்பித்த சமூகம் இது. ஆனால் ஒன்று கேட்கிறேன். தன் பிள்ளையின் படிப்புக்குப் பத்தாண்டுக் கணக்குப் போடத் தெரிந்த இச்சமூகம், தன் ஊர்ப் பாடசாலையின் வாழ்வுக்கு அத்தகைய கணக்கு எதையேனும் போட்டதுண்டா? இல்லை என்பதே விடை. அந்தக் கணக்கைப் போட வேண்டிய காலம் வந்துவிட்டது என்பதை உணர்த்தவே இங்கு நிற்கிறேன்.

வலிகாமக் கல்வி வலயம் யாழ்ப்பாண மாவட்டத்தின் ஐந்து வலயங்களுள் ஒன்று. தெல்லிப்பழை, உடுவில், சண்டிலிப்பாய், சங்கானை என்னும் கோட்டங்களைக் கொண்டது. 1816இல் தொடங்கிய யூனியன் கல்லூரியும், 1894இல் தோன்றிய ஸ்கந்தவரோதயாவும், 1910இல் பாவலர் துரையப்பாபிள்ளை நிறுவிய மகாஜனாவும் இம்மண்ணுக்குரியவை. நகரத்தின் அயலிலே இருப்பது இவ்வலயத்துக்கு ஒரு வசதி. அதுவே ஒரு நோயாகவும் ஆகியிருக்கிறது. விடியற்காலையில் இணுவிலிலும் மானிப்பாயிலும் சுன்னாகத்திலும் வீதியோரத்தில் நின்று பாருங்கள். வான்களிலும் பேருந்துகளிலும் பிள்ளைகள் நகரை நோக்கிச் செல்கிறார்கள். அவர்கள் கடந்து செல்லும் ஊர்ப் பாடசாலையில் வாங்குகள் காலியாகக் கிடக்கின்றன. நகரத்துப் பெரிய பாடசாலையிலோ ஒரே வகுப்பறையில் பிள்ளைகள் நெருங்கியிருக்கிறார்கள். ஒன்றில் இடமில்லை, மற்றதில் பிள்ளையில்லை. இரண்டும் ஒரே நோயின் இரு குறிகள்.

எண்கள் சொல்லும் செய்தி

இதனைப் பெற்றோரின் மோகம் என்று தள்ளிவிடலாகாது. நாட்டின் பிள்ளைத் தொகையே குறைந்து வருகிறது. 2019ஆம் ஆண்டில் இலங்கை முழுவதிலும் பதியப்பட்ட பிறப்புக்கள் 3 இலட்சத்து 19 ஆயிரம். 2023இலோ அத்தொகை இரண்டரை இலட்சத்துக்கும் கீழே இறங்கிற்று. நான்கே ஆண்டுகளில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்பட்ட வீழ்ச்சி! எமது மாவட்டத்தின் நிலை இதனினும் கடியது. கிளிநொச்சியை நீக்கிப் பார்த்தால், 1981ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் யாழ்ப்பாண மாவட்டத்தில் 7 இலட்சத்து 30 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இருந்தனர். 2012ஆம் ஆண்டு மதிப்பில் எஞ்சியோர் 5 இலட்சத்து 83 ஆயிரம் பேரே. யுத்தமும் இடப்பெயர்வும் புலம்பெயர்வும் செய்த வேலை அது. 2010இல் பாராளுமன்றத்துக்கு ஒன்பது பேரை அனுப்பிய யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம் 2024இல் ஆறு பேரையே அனுப்பியது. ஆசனம் குறைந்தபோது நாம் கூக்குரலிட்டோம். வகுப்பறை வெறுமையானபோது வாளாவிருந்தோம்.

இந்த எண்களில் ஒரு நன்மையும் உண்டு. மழையைப் போல இவை திடீரென்று வருபவை அல்ல. 2023இல் பிறந்த பிள்ளைகளுட் பெரும்பாலோர் 2029 ஆம் ஆண்டு தைமாதத்தில் முதலாம் தரத்தில் அடியெடுத்து வைப்பர். அவர்கள் எத்தனை பேர், எந்த ஊரில் பிறந்தவர்கள் என்பது பதிவாளரின் ஏட்டில் எழுதப்பட்டுவிட்டது. அப்பிள்ளை தொடர்ந்து படித்தால் பதின்மூன்றாம் தரத்தை அடைவது 2041இல். ஆகவேதான் பதினைந்து ஆண்டுத் திட்டம் என்கிறேன். ஒரு பிள்ளையின் முழுப் பள்ளிப் பருவத்தையும் தழுவாத திட்டம் திட்டமன்று. அது வரவுசெலவுக் குறிப்பு.

பாடசாலைகள் ஐந்தாண்டுத் திட்டம் எழுதுகின்றனவே என்று அதிபர்கள் கூறலாம். உண்மை, எழுதுகிறார்கள். ஆனால் ஒவ்வொரு பாடசாலையும் தனக்கெனத் தனியே எழுதுகிறது. ஒரே ஊரிலுள்ள மூன்று பாடசாலைகளும் தத்தமக்கு மாணவர் பெருகுவர் என்று எழுதினால், பிறவாத பிள்ளைகளை எங்கிருந்து கொண்டுவருவது? வலயம் முழுவதையும் ஒரே குடும்பமாக எண்ணிப் போடும் கணக்கே உண்மைக் கணக்காகும்.

கிணற்றுப் பங்கும் உபாத்தியாயர் பங்கும்

கமக்காரருக்கு ஓர் உவமை சொல்கிறேன். எமது செம்மண் நிலத்தில் ஒரு கிணற்றிற் பலருக்குப் பங்கு. நொத்தாரிசு உறுதி முடிக்கும்போது காணியோடு கிணற்றிற் பங்கையும் வழி வாய்க்கால் உரிமையையும் சேர்த்தே எழுதுகிறார். கிணற்றடியிற் காணி உள்ளவன் நாள்தோறும் இறைத்துக்கொள்ள, கடைசித் தறைக்காரனின் வெங்காயம் வாடுவதை நமது வழமை அனுமதிப்பதில்லை. இன்ன நாள் இன்னாருக்கு என்று முறை இருக்கிறது. அம்முறை குலைந்தால் வழக்கு நீதிமன்றத்துக்கு வருகிறது.

உபாத்தியாயர்களும் அத்தகைய பொதுக் கிணற்று நீரே. பொதுமக்களின் வரிப்பணத்தில் அவர்களுக்குச் சம்பளம் வழங்கப்படுகிறது. ஆயினும் கணிதமும் விஞ்ஞானமும் ஆங்கிலமும் கற்பிக்க வல்லவர்கள் பெருந்தெருவோரப் பாடசாலைகளிலே குவிகிறார்கள். கடைசித் தறையிலுள்ள பாடசாலைக்கு ஒருவர் நியமிக்கப்பட்டாலும், சில மாதங்களுள் சிபாரிசோடு இடமாற்றம் வந்துவிடுகிறது. உபாத்தியாயர் இல்லாத பாடசாலையை விட்டுப் பெற்றோர் வெளியேறுகிறார்கள். பெற்றோர் வெளியேறியதும், பிள்ளைகள் குறைவு என்று காட்டி எஞ்சிய உபாத்தியாயரையும் எடுத்துவிடுகிறார்கள். இவ்வாறு வாடவிடப்பட்ட பாடசாலையை, தானாகவே வாடியது என்று பின்னர் அறிக்கையில் எழுதுகிறார்கள்.

ஆகையால் திட்டத்தின் முதல் அங்கம் கட்டடமன்று, உபாத்தியாயர் முறை. அயலிலுள்ள நாலைந்து பாடசாலைகளை ஒரு தொகுதியாக்க வேண்டும். ஆங்கில உபாத்தியாயர் ஒருவர் இரண்டு நாள் ஒரு பாடசாலையிலும் மூன்று நாள் மற்றதிலும் கற்பிக்கலாம். கடைத்தறைப் பாடசாலையில் ஆற்றும் சேவைக்குக் காலவரையறை இருக்க வேண்டும். அதற்குப் பதவியுயர்விலே தகுந்த மதிப்பும் இருக்க வேண்டும். காலம் முடியுமுன் மாற்றம் வழங்கினால் அதன் காரணம் எழுத்தில் வெளியிடப்பட வேண்டும். ஆரம்பப் பாடசாலை சிறு பிள்ளை நடந்து போகக்கூடிய தூரத்தில் இருக்க வேண்டும். விஞ்ஞானமும் கணிதமும் வர்த்தகமும் தொழினுட்பமும் உயர்தரத்திற் கற்பிக்கும் நிறைவான பாடசாலை ஒன்றாவது ஒவ்வொரு கோட்டத்திலும் இருக்க வேண்டும். நகரத்துக்குப் போகாதே என்று பெற்றோரைத் தடுக்க எவராலும் இயலாது. போக வேண்டிய தேவையை ஒழிப்பது இயலும்.

மூடுவதற்கு முன்

சில பாடசாலைகள் ஒன்றிணைய வேண்டி வரும் என்பதை நான் மறைக்கவில்லை. நாலு பிள்ளைகளும் மூன்று உபாத்தியாயர்களும் உள்ள வகுப்பில் பிள்ளைக்கு விளையாடக்கூடத் துணையில்லை. ஆனால் யாருடைய பாடசாலையை முதலில் மூடுகிறார்கள் என்பதை விழிப்போடு கவனிக்க வேண்டும்.

எமது சிறிய பாடசாலைகள் பலவற்றுக்கு ஒரு சரித்திரம் உண்டு. பெரிய பாடசாலையின் படலை சில பிள்ளைகளுக்கு அடைக்கப்பட்டிருந்த காலம் ஒன்று இருந்தது. சமாசனம் கேட்டதற்காகப் பாடசாலைக் கொட்டில்கள் எரிந்த மாவட்டம் இது. சிறுபான்மைத் தமிழர் மகாசபை போராடியதன் பயனாக 1950களின் பிற்பகுதியில் அரசாங்கப் பாடசாலைகள் திறக்கப்பட்டன. சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957இல் நிறைவேறியது. அப்படிப் பெற்ற பாடசாலை ஒன்றை, தொகை குறைந்தது என்று ஒரு சுற்றுநிருபத்தால் மூடினால், அப்பிள்ளை அடுத்த பாடசாலையிற் சமமாக வரவேற்கப்படும் என்பதற்கு யார் பொறுப்பு? ஆதலால் எந்தப் பாடசாலையையும் மூடுமுன் மூன்று நிபந்தனைகள் நிறைவேற வேண்டும். உரிய உபாத்தியாயரை மூன்று ஆண்டு நிறுத்திப் பார்த்திருக்க வேண்டும். அடுத்த பாடசாலைக்குப் போகும் வழியும் வாகனமும் உறுதியாக்கப்பட்டிருக்க வேண்டும். அவ்வூர்ப் பெற்றோரின் பகிரங்கக் கூட்டத்தில் காரணம் விளக்கப்பட்டிருக்க வேண்டும். மூடிய பின்னரும் அக்காணி முன்பள்ளிக்கோ வாசிகசாலைக்கோ உரியதாக இருக்க வேண்டும்; வேறு தேவைக்குக் கைமாறலாகாது.

வலிகாமம் வடக்கின் அனுபவமும் இதையே போதிக்கிறது. 1990இல் மக்கள் எழுந்தோடினர். பாடசாலைகளும் அவர்களுடன் இடம்பெயர்ந்து, இருபது ஆண்டளவில் வேற்றிடங்களில் இயங்கின. 2009க்குப் பின்னர் நிலம் துண்டு துண்டாக விடுவிக்கப்பட்டது. பாடசாலை திறந்தால் குடியேறுவோம் என்று பெற்றோர் காத்திருக்க, பிள்ளைகள் வந்தால் திறப்போம் என்று அதிகாரிகள் காத்திருந்தனர். எது முன், எது பின் என்று தீர்மானித்து எழுதிய திட்டமொன்று இருந்தால் இந்த வீண் காத்திருப்பு நேர்ந்திராது.

சட்டம் இடந்தருகிறதா?

“எல்லாம் கொழும்பின் கையில், நாம் திட்டம் தீட்டி என்ன பயன்?” என்று கேட்பீர்கள். சட்டம் படித்தவன் என்ற முறையில் விடையளிக்கிறேன். 1907ஆம் ஆண்டுக் கிராமப் பாடசாலைச் சட்டத்தின் கீழ் ஆங்கிலேயர் ஆட்சியிலேயே மாவட்டப் பாடசாலைக் குழுக்கள் இருந்தன. 1960ஆம், 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி நன்கொடை பெறும் பாடசாலைகள் அரசாங்கத்தைச் சேர்ந்தன. மதபேதத்தையும் முகாமையாளரின் எதேச்சாதிகாரத்தையும் அது குறைத்தது என்பது ஒரு பக்கம். ஊருக்கும் பாடசாலைக்கும் இருந்த பொறுப்புறவு அறுந்தது என்பது மறு பக்கம்.

1987இல் வந்த பதின்மூன்றாம் திருத்தம் அவ்வுறவைப் புதுப்பிக்க ஒரு வழி திறந்தது. தேசியப் பாடசாலைகள் முதலிய சில நீங்கலாக, ஏனைய அரசாங்கப் பாடசாலைகள் மாகாணத்துக்குரியவை. அத்திருத்தத்தின் கல்வி பற்றிய பின்னிணைப்பு அபிவிருத்தித் திட்டங்களையும் வருடாந்த அமுலாக்கத் திட்டங்களையும் தயாரிப்பதை மாகாணத்தின் கருமமாகவே குறிப்பிடுகிறது. பாடத்திட்டம் மத்தியில் வரையப்படுகிறது. பணமும் பெரும்பாலும் அங்கிருந்தே வருகிறது. இவற்றை மறுக்கவில்லை. ஆனால் எந்த ஊரில் எந்தப் பாடசாலை எப்படி வளர வேண்டும் என்று எழுதும் பேனா எமது கையில் இருக்கிறது. 2013இல் நாம் தெரிந்தெடுத்த வட மாகாண சபை 2018 ஒக்டோபரில் காலம் முடியும்வரை இருந்தது. வலயக் கல்விச் சபைகளை அமைக்கும் நியதிச்சட்டம் ஒன்று அக்காலத்தில் இயற்றப்பட்டிருந்தால், சபை கலைந்த பின்னும் அது நின்று பயன் தந்திருக்கும்.

இன்னொன்றையும் சிந்தியுங்கள். பழைய மாணவர் சங்கங்கள் தம் பாடசாலையைத் தேசியப் பாடசாலையாக்குமாறு மனுச் செய்கின்றன. பெயரும் பணமும் கிடைக்கும் என்பது அவர்கள் எண்ணம். ஆயின் ஒவ்வொரு மனுவிலும் நாமே கையொப்பமிட்டு எமது மாகாணத்தின் அதிகாரத்தில் ஒரு துண்டை வெட்டிக் கொடுக்கிறோம். அதிகாரப் பரவலாக்கம் வேண்டுமென்று மேடையில் முழங்குவதும், கிடைத்ததைத் திருப்பிக் கொடுக்க மனு எழுதுவதும் ஒன்றுக்கொன்று முரணல்லவா? இலண்டனிலும் ரொறன்ரோவிலும் உள்ள அன்பர்களுக்கும் ஒரு விண்ணப்பம். உங்கள் கல்லூரிக்கு மண்டபம் கட்டுங்கள், வேண்டாமென்பாரில்லை. அக்கல்லூரிக்குப் பிள்ளைகளை அனுப்பும் ஆரம்பப் பாடசாலைக்கும் ஒரு பங்கை ஒதுக்குங்கள். நாற்றுமேடை காய்ந்தால் வயலில் நடுவதற்கு எதுவுமில்லை.

செய்ய வேண்டியவை

மூன்று கருமங்களை உங்கள் முன் வைக்கிறேன். முதலாவது, ஒவ்வொரு ஊரிலும் பாடசாலை அபிவிருத்திச் சங்கமும் கமக்காரர் அமைப்பும் சேர்ந்து, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் தொகையைக் கிராம அலுவலரின் உதவியோடு கணக்கெடுக்க வேண்டும். இதற்கு எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. இரண்டாவது, நாலு கோட்டங்களிலும் பகிரங்கக் கூட்டம் கூட்டி, அக்கணக்கை முன்வைத்து 2041 வரையிலான திட்டத்தின் முதல் வரைவை எழுத வேண்டும். இளைப்பாறிய அதிபர்களும் கணக்காளரும் பொறியியலாளரும் சட்டத்தரணிகளும் நம்மிடையே நிறைய உளர். கூலி கேளாமல் உழைக்க முன்வரட்டும். மூன்றாண்டுக்கொரு முறை அதைத் திருத்த வேண்டும். ஆண்டுதோறும் நிறைவேறியது எது, தவறியது எது என்று வெளியிட வேண்டும். மூன்றாவது, மாகாண சபைத் தேர்தல் எப்பொழுது நடந்தாலும், வாக்குக் கேட்டு வரும் ஒவ்வொருவரிடமும், எந்தக் கட்சியினராயினும், ஒரு வினாவைக் கேளுங்கள்: வலயக் கல்விச் சபை அமைக்கும் நியதிச்சட்டத்தை முதலாம் ஆண்டிலேயே கொண்டுவருவீரா? விடையை எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல்லை நம்பிக் காணி வாங்குபவன் யாழ்ப்பாணத்தில் இல்லை. பள்ளிக்கூடத்துக்கு மட்டும் உறுதி வேண்டாமோ?

பணிப்பாளர்கள் வருவர், மாறுவர், அமைச்சர்களும் அவ்வாறே. எழுதி, ஊரறிய ஏற்று, சட்டத்தில் நிலைநாட்டிய திட்டம் அவர்களுக்குப் பின்னும் நிற்கும். நாம் எழுதாவிடின் வேறொருவர் எழுதுவார். அவர் எழுதுவது திட்டமாக இராது, மூடவேண்டிய பாடசாலைகளின் பட்டியலாக இருக்கும். அப்பட்டியலின் தலைப்பில் ஏழைகளின் பாடசாலைகளே நிற்கும்.

நீதிமன்றத்தில் தவணை கேட்டுப் பழகிய தொழில் என்னுடையது. ஆனால் வளரும் பிள்ளையின் வயதுக்குத் தவணை வழங்க எந்த நீதிபதிக்கும் அதிகாரமில்லை. 2029இல் பள்ளிக்கு வரும் பிள்ளைகள் பிறந்துவிட்டார்கள். அவர்களுக்குரிய வாங்கையும் உபாத்தியாயரையும் ஆயத்தஞ் செய்யும் வேலையை இம்மாதமே தொடங்குவோமாக.